எட்டு மணி நேரம் சரி, எந்த எட்டு மணி நேரம்?

எனக்கு வார லீவு காலைல 6 மணிக்கு ஆரம்பிக்கும். ஜோக் அடிக்கல, சட்டமே அப்படித்தான் சொல்லுது. ராத்திரி 12-ஐ தாண்டிப் போற ஷிஃப்ட்ல வேலை பாக்குறவனுக்கு, ஷிஃப்ட் முடியற நேரத்துல இருந்து தொடர்ந்து 24 மணி நேரம்தான் ஒரு நாள் லீவுன்னு 1948-ம் வருஷத்து தொழிற்சாலைகள் சட்டத்துல 57-வது பிரிவுல எழுதி வச்சாங்க. கணக்குல ஒரு நிமிஷம் குறையல. ஆனா அந்த 24-ல மொதல் ஆறு மணி நேரம் படுக்கையில போயிடும், தூக்கம் வந்தாலும் வராட்டியும். மத்தியானம் எந்திரிச்சு, பல்லு வெளக்கி, காலை டிபனா மத்தியான சாப்பாடான்னு பேர் தெரியாத ஒன்ன சாப்பிட்டு, தலைய துவட்டி உக்காந்தா மணி மூணு. ராத்திரி எல்லாரும் படுக்கறப்ப எனக்கு மட்டும் கண்ணு கோலிகுண்டு மாதிரி முழிச்சிருக்கும். அதுவும் லீவு கணக்குலதான் வருது.

நான் கடலூர் சிப்காட்ல ஒரு கெமிக்கல் பிளான்ட்ல ஆபரேட்டர், வீடு பாண்டில முதலியார்பேட்டை. பைக்ல முப்பது கிலோமீட்டர் பக்கம் வரும். வீட்டுக்காரம்மா ஒரு ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ், அவங்களுக்கும் ஷிஃப்ட். இருபது வருஷம் இதுல ஓட்டிட்டு, நாப்பத தாண்டின அப்புறம்தான் இது ஒடம்ப என்ன பண்ணுதுன்னு உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன், படிச்சத எங்க கேட் பாஷைல சொல்றேன்.

எங்க தாத்தா ரோடியர் மில்லு, அதான் ஏ.எஃப்.டி. 1898-ல ஆரம்பிச்சு 2020-ல மூடினாங்களே, அது. பாண்டில எட்டு மணி நேர வேலைங்கறது சும்மா கெடைச்சது இல்ல. 1936 ஜூலை 30-ம் தேதி சவானா மில்லுல வேலை நேரத்த குறைக்கச் சொல்லி, சங்க உரிமை கேட்டு நின்ன தொழிலாளிங்கள பிரெஞ்சு போலீஸ் சுட்டதுல 12 பேரு செத்தாங்க, கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா தலைமையில நடந்த போராட்டம், அடுத்த வருஷம் 1937-ல எட்டு மணி நேரம் சட்டமாச்சு. ஆசியாவிலேயே மொதல்ல நமக்குத்தான்னு இன்னிக்கும் ஜூலை 30 மீட்டிங்ல மைக்ல சொல்லுவாங்க, கேக்க பெருமையாத்தான் இருக்கும். தாத்தாவும் அத சொல்லிட்டுத்தான் இருந்தாரு. ஆனா அவரு முழு நைட் போற வாரத்துல வீட்டுல யாரும் அவருகிட்ட வாயே குடுக்க மாட்டாங்கன்னு பாட்டி சொல்லுவாங்க, "அந்த வாரம் அது மனுஷனே இல்லடா"ன்னு. எத்தன மணி நேரம்னு சண்டை போட்டு வாங்கிட்டோம். எந்த நேரம்னு கேக்கணும்னு அப்ப யாருக்கும் தோணல, தோணியிருந்தாலும் சொல்றதுக்கு அன்னிக்கு சயின்ஸ் இல்ல.

இப்ப இருக்கு. மூளைக்கு அடியில, ரெண்டு கண்ணு நரம்பும் குறுக்க போற எடத்துக்கு மேல, சுமார் 20,000 செல்லு சேர்ந்த ஒரு சின்ன கொத்து இருக்கு, அதுதான் ஒடம்போட மெயின் கடிகாரம். எப்ப சூடு ஏறணும், எப்ப எறங்கணும், எப்ப பசிக்கணும், எப்ப மெலடோனின்ங்கற ராத்திரி ஹார்மோன் சுரக்கணும்னு அதுதான் மணி அடிக்குது. கல்லீரல், கணையம், குடல்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா குட்டி கடிகாரம் வேற இருக்கு. பழ ஈய வச்சு இந்த கடிகாரம் செல்லுக்குள்ள எப்படி ஓடுதுன்னு கண்டுபிடிச்ச மூணு பேருக்கு 2017-ல மருத்துவ நோபல் குடுத்தாங்க. விஷயம் ரொம்ப சிம்பிள், ஒரு ஜீன் ஒரு புரோட்டீன செய்யச் சொல்லுது, அந்த புரோட்டீன் ராத்திரி பூரா சேர்ந்து சேர்ந்து ஒரு அளவுக்கு மேல போனதும் "போதும் நிறுத்து"ன்னு அந்த ஜீனையே அடைச்சிடுது, பகல்ல அது கரைஞ்சு போனதும் மறுபடி ஆரம்பிக்குது, இந்த ஒரு சுத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள். எங்க பிளான்ட்ல டேங்க் லெவல் ஏறினா பம்ப் தானா நிக்கும், எறங்கினா ஓடும், அதே கதைதான்.

இந்த கடிகாரத்த தினமும் சரி பண்றது வெளிச்சம். இத பாண்டிக்காரங்களுக்கு புரிய வைக்கறது ஈஸி. பிரான்ஸ்ல இருக்கற சித்தப்பா லீவுக்கு வந்தா மொத ரெண்டு நாளு காலைல பத்து மணி வரைக்கும் எந்திரிக்க மாட்டாரு, ராத்திரி ரெண்டு மணிக்கு ஃப்ரிட்ஜ தொறந்து பாப்பாரு. அங்கயும் இங்கயும் வித்தியாசம் மூன்றரை மணி நேரம், குளிர்காலம்னா நாலரை. நாலஞ்சு நாள்ல சரியாயிடுவாரு, ஏன்னா பாண்டி சூரியன் அவரு பக்கம் இருக்கு, தினமும் காலைல அவர கொஞ்சம் கொஞ்சமா தள்ளி நம்ம நேரத்துக்கு கொண்டு வந்துடும். நான் நைட் ஷிஃப்ட் போறப்ப எட்டு மணி நேரம் வித்தியாசம் இருக்கற ஊருக்கு பிளைட் ஏறின மாதிரிதான், ஆனா ஊரு மாறல. சூரியன் எனக்கு எதிரா நிக்குது. அதனாலதான் வருஷக்கணக்கா நைட் பாக்குறவங்கள்லயும் முழுசா பழகினவங்க ரொம்ப கொறச்சல். "பழகிடுச்சு"ன்னு நாங்க சொல்றது தூக்கம் கெட்டுப்போறது பழகிடுச்சுங்கற அர்த்தத்துலதான்.

சரி, விடிகாலை நாலு மணிக்கு வருவோம். ஒடம்பு சூடு ஒரு நாளைல ரொம்ப கொறையற நேரம் சுமாரா நாலுல இருந்து அஞ்சு. எங்களுக்கு மணிக்கு ஒரு தடவ ரீடிங் எடுத்து லாக் புக்ல எழுதணும், பிரஷர், டெம்பரேச்சர், லெவல். ஒரு நைட்ல நான் எழுதின பக்கத்த மறுநாள் பாத்தேன். ஒரு மணி, ரெண்டு மணி கட்டத்துல என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு. மூணு மணில கொஞ்சம் சாஞ்சிருக்கு. நாலு மணி கட்டத்துல மூணு மணியோட நம்பரே ஒரு புள்ளி மாறாம அப்படியே இருக்கு, கடைசி 4-ஓட வால் மட்டும் கட்டத்த தாண்டி கீழ அஞ்சு மணி கட்டம் வரைக்கும் இழுத்துட்டு போயிருக்கு, மையில விழுந்த எறும்பு நடந்த மாதிரி. நான் ஃபீல்டுக்கு போனேனா, போகாமலே எழுதினேனா, சத்தியமா எனக்கே தெரியல. அத எழுதின ஞாபகமே இல்ல. கண்ணு தொறந்திருக்க மூளை மட்டும் சில செகண்ட் அணைஞ்சு எரியும், மைக்ரோ ஸ்லீப்னு சொல்றாங்க. அன்னிக்கு ஒண்ணும் ஆகல. போபால் ராத்திரிலதான் நடந்துச்சு, அமெரிக்காவுல த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து 1979-ல விடிகாலை நாலு மணி வாக்குல, செர்னோபில் 1986-ல ராத்திரி 1.23-க்கு. மூணுக்கும் காரணம் வேற வேற, தூக்கத்து மேல மொத்தப் பழியையும் போட முடியாது, ஆனா சேஃப்டி கிளாஸ்ல இந்த நேரங்கள சொல்றப்ப எங்க பசங்க ஒருத்தனும் சிரிக்க மாட்டான்.

அதவிட பயங்கரம் வீட்டுக்கு திரும்பற அந்த முக்கா மணி நேரம். 1997-ல ஆஸ்திரேலியாவுல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருந்தவன் கையும் கண்ணும் ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கறவன் மாதிரி வேலை செய்யுது, 24 மணி நேரம்னா சுமாரா 0.10. நம்ம நாட்டுல வண்டி ஓட்ட சட்டம் விடற அளவு 0.03. இப்ப கணக்கு போடுங்க. நைட் ஷிஃப்டோட மொத நாள் நான் வழக்கம்போல காலைல ஏழு மணிக்கு எந்திரிச்சிருப்பேன், பகல்ல தூங்கியிருக்க மாட்டேன், மறுநாள் காலைல ஆறரைக்கு பைக் எடுக்கறப்ப 23 மணி நேரத்த தாண்டியாச்சு. தமிழ்நாடு-பாண்டி பார்டர்ல போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னா மெஷின்ல சைபர் காட்டும், போங்க சார்னு விட்டுடுவாங்க. குடிச்சுட்டு வர்றவன புடிக்க மெஷின் இருக்கு, தூங்கிட்டே வர்றவன புடிக்க இல்ல.

அந்த ரோட்டுல இன்னொரு வேலையும் நடக்குது. பெண்ணையாறு பாலம், ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம்னு வடக்கு பாத்து வர்றப்ப சூரியன் வலது பக்கம் பளிச்சுனு ஏறிட்டு வரும். கன்ட்ரோல் ரூம் லைட்டெல்லாம் அதுகிட்ட நிக்கவே முடியாது. அந்த வெளிச்சம் கண்ணுல பட்ட உடனே மூளைல இருக்கற அந்த கொத்து "விடிஞ்சாச்சு"ன்னு முடிவு பண்ணிடும், மெலடோனின் கட். அப்புறம் வீட்டுக்கு வந்து ஸ்க்ரீன் போட்டு படுத்தா எங்க வரும். கூலிங் கிளாஸ் போட்டுட்டு வாங்கன்னு சொல்றாங்க, நான் போடறேன், கொஞ்சம் ஒதவுது, ஆனா கிளாஸ் போட்டா கண்ணு சொக்கறது இன்னும் ஜாஸ்தியாகற ஆளுங்களும் உண்டு, அவங்க பைக்ல வராம கம்பெனி பஸ்ஸ புடிக்கறதுதான் நல்லது.

பகல் தூக்கம் ஏன் அஞ்சு மணி நேரத்துல ஒடைஞ்சு போகுதுன்னு பல வருஷம் நான் சத்தத்தத்தான் திட்டிட்டு இருந்தேன். சத்தமும் காரணம்தான், இல்லன்னு சொல்லல. ஒன்பது மணிக்கு குக்கர் விசில், பத்து மணிக்கு "பழைய இரும்பு ஈயம் பித்தளை"ன்னு ரெக்கார்டு போட்டுட்டு வர்ற வண்டி, பதினொண்ணுக்கு வெங்காய ஆட்டோ, ஆடி மாசம்னா அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர், மாசம் ஒரு நாளு பராமரிப்புன்னு கரண்ட் கட்டு. ஆனா சத்தமே இல்லாத எடத்துல படுத்தாலும் பன்னெண்டு மணிக்கு முழிப்பு வந்துடும். தூக்கத்துக்கு ரெண்டு வேணுமாம். ஒண்ணு கடன், எவ்ளோ நேரம் முழிச்சிருந்தோமோ அவ்ளோ கடன் ஏறும், படுத்த உடனே அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறது அதனாலதான். இன்னொண்ணு கடிகாரம். நாலஞ்சு மணி நேரத்துல கடன்ல பெரும்பங்கு அடைஞ்சுடும், மீதி தூக்கத்த புடிச்சு வைக்க வேண்டியது கடிகாரத்தோட வேலை, ஆனா அது பகல்ல ஒடம்பு சூட்ட ஏத்தி "எந்திரி எந்திரி"ன்னு தட்டிட்டு இருக்கும். தூங்கறதுக்கு ஒடம்பு சூடு கொஞ்சம் எறங்கணும். மே மாசம், மொட்டை மாடிக்கு நேர் கீழ ரூம், காத்தாடி நெருப்பு காத்த அள்ளிக் கொட்டுது, எங்க எறங்கறது. ஏசி ஆடம்பரம்னு நெனைச்ச காலம் போச்சு, நைட் ஷிஃப்ட் வீட்டுக்கு அது மருந்து செலவு.

இதுக்கு ஷார்ட் கட்டா எங்க ஆளுங்க கண்டுபிடிச்சது பாட்டில். பார்டர் பக்கத்துல இருக்கறதால அது கைக்கு எட்டற தூரம், காலைல ரெண்டு ரவுண்டு போட்டா படுத்த உடனே தூக்கம் வந்துடும்னு சொல்லுவாங்க. வரும், உண்மை. ரெண்டு மூணு மணி நேரத்துல போதை எறங்கறப்ப தூக்கம் கிழிஞ்சு போயிடும், கனவு வர்ற தூக்கத்தயும் கொறைச்சிடும். இப்படி ஆரம்பிச்சு ஏ ஷிஃப்ட், அதான் காலை ஷிஃப்ட், வர்ற வாரத்துலயும் நிறுத்த முடியாம போனவங்கள எனக்குத் தெரியும். டீயும் அப்படித்தான், காஃபின் பாதியா கொறையறதுக்கே சுமாரா அஞ்சு மணி நேரம் ஆகும், நாலு மணிக்கு அடிக்கற ஸ்ட்ராங் டீ ஒன்பது மணிக்கு படுக்கையில பாதி ஒக்காந்திருக்கும். ரெண்டு மணியோட நிறுத்தினேன், வித்தியாசம் தெரிஞ்சுது.

சாப்பாடு விஷயம் நான் எதிர்பாக்காத ஒண்ணு. 2023-ல வந்த ஐ.சி.எம்.ஆர் சர்வேல புதுச்சேரில பெரியவங்கள்ல 26.3 சதவீதம் பேருக்கு சுகர், இந்தியா மொத்தத்துக்கு 11.4, நமக்கு மேல கோவா மட்டும்தான் 26.4. அதுக்கு ஷிஃப்ட்தான் காரணம்னு சொல்ல வரல, ஆனா ஏற்கனவே வழுக்கற தரைல ஷிஃப்ட் எண்ணெய ஊத்துது. கணையத்துக்கும் ராத்திரி உண்டு, அதே சாதத்த பகல்ல சாப்பிட்டா ஏறற சுகரவிட நடுராத்திரி சாப்பிட்டா ஜாஸ்தி ஏறும். 2021-ல அமெரிக்காவுல 19 பேர ரெண்டு வாரம் லேப்ல வச்சு நைட் ஷிஃப்ட் மாதிரி முழிக்க வச்சாங்க, ராத்திரியும் சாப்பிட்டவங்களுக்கு சுகர் சராசரியா 6.4 சதவீதம் ஏறிடுச்சு, பகல்ல மட்டும் சாப்பிட்டவங்களுக்கு அப்படி ஏறல. முழிப்பு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அத படிச்ச அன்னிலேருந்து ஒரு மணி கேன்டீன் லெமன் சாதத்த விட்டுட்டேன், கெளம்பறதுக்கு முன்னாடி எட்டு மணிக்கே வயிறார வீட்டுல சாப்பிட்டுடறது, ராத்திரி பசிச்சா கடலையோ ஒரு வாழைப்பழமோ.

அப்புறம் மாத்திரை. எங்க ஷிஃப்ட்ல ஒருத்தருக்கு சுகர் மாத்திரை சீட்டுல "காலை, சாப்பாட்டுக்கு முன்"ன்னு எழுதியிருக்கு. அவரு காலைல ஏழு மணிக்கு அத போட்டுட்டு, தூக்கம் கண்ண இழுக்கவே சாப்பிடாம படுத்துட்டாரு, பத்து மணிக்கு வேர்த்துக் கொட்டி கை நடுங்கி, பொண்டாட்டி பாத்து சர்க்கரை கரைச்சுக் குடுத்திருக்காங்க. டாக்டர்கிட்ட என்ன வேலைன்னு கேட்டதுக்கு "கம்பெனி"ன்னு சொல்லியிருக்காரு, அவ்ளோதான். ஷிஃப்ட் அட்டவணைய போட்டோ எடுத்துட்டுப் போயி காட்டணும்ங்க, பி.பி., சுகர், வலிப்பு மாத்திரை எது போட்டாலும்.

இதயம், புற்றுநோய் பத்தி சுருக்கமா. 2012-ல பல ஆராய்ச்சிகள ஒண்ணா சேத்துப் பாத்ததுல ஷிஃப்ட் ஆளுங்களுக்கு ஹார்ட் அட்டாக் சுமார் 23 சதவீதம் ஜாஸ்தின்னு வந்துச்சு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் அமைப்பு 2007-லயே ராத்திரி ஷிஃப்ட் வேலைய "புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது" பட்டியல்ல போட்டுச்சு, 2019-ல திரும்ப பாத்தும் அதே எடத்துலதான் வச்சாங்க. ஷிஃப்ட் போனா கேன்சர் வந்துடும்னு இதுக்கு அர்த்தம் இல்ல, பயப்பட வேணாம்.

வீட்டுக்காரம்மா இத படிச்சுட்டு ஒரு கேள்வி கேட்டாங்க. பொம்பளைங்க ஃபேக்டரில ராத்திரி வேலை பாக்கக் கூடாதுன்னு அந்த 1948 சட்டம் 66-வது பிரிவுல தடை போட்டு வச்சிருந்துச்சு, 2000-ல மெட்ராஸ் ஹைகோர்ட் அது செல்லாதுன்னு சொல்லுச்சு. "அத்தன வருஷமும் ஆஸ்பத்திரில ராத்திரி யாரு நின்னது, பொம்பளைங்கதான, எங்கள பாதுகாக்க யாருக்கும் தோணலயா?"ன்னாங்க. எனக்கு பதில் இல்ல. அவங்களுக்கு நைட் 12 மணி நேரம், காலைல எட்டு மணிக்கு வந்தா என்னைய மாதிரி நேரா படுக்கையா? மாமியாருக்கு கஞ்சி, பையனோட யூனிஃபார்ம், பாத்திரம். நான் தூங்கற ரூம் கதவ சாத்தி "அப்பா தூங்கறாரு, சத்தம் போடாத"ன்னு பையன அடக்கறது அவங்க, அவங்க தூங்கறப்ப அதே கதவ யாரு சாத்தறா? இத எழுதறப்பதான் எனக்கே சுருக்குனு குத்துது. தேவனாம்பட்டினத்துல கடலுக்கு போறவங்க விடிகாலை மூணு மணிக்கு எந்திரிக்கறாங்களே, அவங்களுக்கு ஆகலயான்னு சிலர் கேப்பாங்க. அவங்க ஊரே ராத்திரி எட்டு மணிக்கு அடங்கிடுது, தினமும் ஒரே நேரம். எங்க பிரச்சனை வாரத்துக்கு ஒரு தடவ நேரம் மாறறது.

அந்த மாறறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. மனுஷனோட உள் கடிகாரம் 24 மணி நேரத்தவிட கொஞ்சம் நீளம், சராசரி 24.2 மணி நேரம் பக்கம். அதனால நேரம் கழிச்சு தூங்கறது ஒடம்புக்கு சுலபம், முன்னாடி தூங்கறது கஷ்டம். காலை ஷிஃப்ட் ஏ-க்கு அப்புறம் மத்தியான ஷிஃப்ட் பி, அப்புறம் ராத்திரி ஷிஃப்ட் சி-ன்னு போனா கடிகாரம் முன்னோக்கி சுத்துது, ஒடம்பு கூட வரும். எங்க பிளான்ட்ல சி, பி, ஏ. தலைகீழ். ஆள் பத்தலன்னு ஆஃப் தள்ளிப்போற வாரத்துல பி முடிச்ச கையோட ஏ வரும், ராத்திரி பத்துக்கு கார்டு பஞ்ச் பண்ணிட்டு காலைல ஆறுக்கு மறுபடி பஞ்ச், நடுவுல எட்டு மணி நேரம், அதுல பைக்குக்கு ஒன்றரை, சாப்பாடு குளியல் ஒரு மணி, தூக்கம் நாலரை இருந்தா அதிசயம். ஐரோப்பாவுல ரெண்டு ஷிஃப்டுக்கு நடுவுல 11 மணி நேரம் ஓய்வு சட்டத்துலயே இருக்கு. நம்ம பக்கம் 2023 ஏப்ரல் 21-ல 12 மணி நேர வேலைக்கு வழி விடற மசோதாவ தமிழ்நாடு சட்டசபைல நிறைவேத்தினாங்க, எல்லா சங்கமும் எதிர்த்து நின்னதுல மே 1-ம் தேதி வாபஸ்னு அறிவிச்சாங்க. அப்பவும் டீக்கடைல பேசினதெல்லாம் எட்டா பன்னெண்டான்னுதான்.

பொங்கலுக்கு அப்புறம் நாங்க பதினாறு பேரு கையெழுத்து போட்டு ஒரு மனு குடுத்தோம். காசு கேக்கல, ஆள் கேக்கல, அட்டவணைய ஏ, பி, சி-ன்னு திருப்புங்க, அவ்ளோதான்னு. ஆபீஸ்ல படிச்சுட்டு "நல்ல பாயிண்டுதான், ஆனா சாஃப்ட்வேர்ல இப்படித்தான் செட் பண்ணியிருக்கு, ஹெட் ஆபீஸ்ல கேட்டு சொல்றோம்"னாங்க. இப்ப ஆடி வந்தாச்சு, வீராம்பட்டினம் தேருக்கு வருவியான்னு மச்சான் போன் பண்ணாரு, கிச்சன் காலண்டர பாத்தேன், அந்த வெள்ளிக்கிழமை கட்டத்துல என் கையெழுத்துல சி, அதுக்கு பக்கத்துலயே வீட்டுக்காரம்மா கையெழுத்துல நைட்டுக்கு 'N'.